பதினோராவது படியில் ஒற்றைச் செருப்பு

மாலை ஐந்தரை மணி அடித்ததும் பஞ்சக்கா காதைத் தீட்டிக்கொள்வாள். அவளுடைய அறை இரும்பு மாடிப்படிக்கு நேர் கீழே இருந்தது. மேலேயிருந்து பெண்கள் இறங்குவது அவள் தலைக்கு மேல் மழை பிடித்துக்கொண்ட மாதிரி கேட்கும். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு சின்னச் சத்தத்துக்காக அவள் காத்திருப்பாள். காலைவிட்டுக் கழன்ற செருப்பு இரும்பில் விழும் சத்தம். செருப்புக்காரி நிற்க மாட்டாள். காலடிகள் தம் பாட்டுக்கு இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

படி காலியான பிறகு அவள் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பாள். படி திரும்புகிற இடத்தில், கீழிருந்து எண்ணினால் பதினோராவது படியில், செருப்பு கிடக்கும். பெரும்பாலும் ஒன்று. சில நாள் இரண்டு. இரண்டும் வேறு வேறு ஆளுடையதாக இருக்கும்.

மாடியில் வேலை பார்த்த நெட்டை என்கிறவள் விழுந்ததும் அந்தப் படியில்தான்.

பஞ்சக்காவின் சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கையில் எப்போது பார்த்தாலும் பஞ்சு வைத்திருந்ததால் பஞ்சு அக்கா என்று யாரோ கூப்பிட்டு, அது பஞ்சக்கா ஆகிவிட்டது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றபின் ஒரு சின்ன மருத்துவமனையில் பாட்டில் கழுவப் போனவள். கழுவிக்கொண்டே பார்த்தாள். புண்ணை எப்படித் துடைக்கிறார்கள், கட்டை எங்கே முடிகிறார்கள், எந்த மாத்திரைக்கு எந்த நிறம் என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். யாரிடமும் எதையும் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. கேட்க வாய் வராது.

பிறகு இந்தச் செருப்புத் தொழிற்சாலையில் முதலுதவி அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். சட்டத்துக்கு ஓர் அறை இருந்தாக வேண்டும். அறை இருந்தால் அதில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி அலமாரி, அண்ணாந்தால் படியின் திருப்பம் தெரிகிற ஒரு ஜன்னல். பத்தொன்பது வருஷமாக அதுதான் அவளுடைய இடம்.

கூடவே ஒரு பதிவேடும் கொடுத்தார்கள். அச்சடித்த கட்டங்கள். தேதி, பெயர், என்ன தொல்லை, என்ன கொடுக்கப்பட்டது, வேலைக்குத் திரும்பிய நேரம். கடைசிக் கட்டம் முதலாளிக்கு ரொம்பப் பிடிக்கும். எப்போதாவது கீழே வந்தால் அந்தக் கட்டத்தை விரலால் தடவிக்கொண்டே போவார்.

"எட்டு நிமிஷம், பத்து நிமிஷம், ஏழு நிமிஷம். நம்ம பஞ்சக்கா பெரிய டாக்டரையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுடுவாங்க போலிருக்கே" என்பார்.

பஞ்சக்கா தலையைக் குனிந்துகொள்வாள். உள்ளுக்குள் குளிர்ந்து போகும். யாரும் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்.

நெட்டை அந்த நாற்காலியில் மூன்று முறை உட்கார்ந்தாள்.

பசை செக்‌ஷனில் சோல் ஒட்டுகிறவள் அவள். நல்ல உயரம், பஞ்சக்காவின் அறைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். குனிகிற ஒவ்வொரு தடவையும், "இந்தக் கதவு வச்சவன் குட்டையா இருந்திருப்பான். அவனுக்கு நல்லாயிருக்கும்னு வச்சிட்டுப் போயிட்டான்" என்பாள். முதல் தடவை வந்தபோது பாதத்தில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பஞ்சக்கா தைலம் தேய்த்துவிட்டாள். இரண்டாம் தடவை கையிலிருந்து பிரஷ் நழுவி விழுகிறது என்றாள். சத்து மாத்திரை கொடுத்தாள். மூன்றாவது தடவை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தன் பாதத்தையே வேற்று ஆளைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"காலை எங்கேயோ வச்சிட்டு வந்துட்ட மாதிரி இருக்கு பஞ்சக்கா. போய்த் தேடிப் பாத்துட்டு வரட்டுமா?"

பஞ்சக்கா சிரித்துவிட்டாள். நெட்டையும் சிரித்தாள். மறுபடி தைலம். வேலைக்குத் திரும்பிய நேரம் மூன்று நாற்பத்தெட்டு.

அதற்கு நான்காம் நாள் மாலை ஐந்தரைக்கு நெட்டை பதினோராவது படியிலிருந்து தலைகுப்புற விழுந்தாள். பஞ்சக்கா பஞ்சோடு ஓடினாள். பஞ்சுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து முதல் செருப்பு கிடந்தது. நெட்டைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒட்டுகிறவளுடையது. அவள் ஒரு காலில் செருப்போடும் மறுகால் வெறுங்காலோடும் கேட் வரைக்கும் போய்விட்டாள். வாட்ச்மேன்தான் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"என்னம்மா, ஒரு காலுக்கு மட்டும் லீவு குடுத்துட்டீங்களா?"

அவள் குனிந்து பார்த்தாள். கழன்றதே தனக்குத் தெரியவில்லை என்றாள்.

அடுத்த வாரம் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. எல்லாம் அதே திருப்பத்தில், அதே படியைச் சுற்றி. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. நெட்டைதான் இழுக்கிறாள் என்று பேச்சு வந்துவிட்டது. சாகிறதுக்கு முன்னால் காலைக் காணோம், காலைக் காணோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாளாம். போகிற வருகிறவர்களின் காலைத் தொட்டுப் பார்த்து, தன்னுடையது இல்லை என்று விட்டுவிடுகிறாளாம்.

அதைக் கேட்டபோது பஞ்சக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. காலைத் தேடுகிற பேச்சு நெட்டை தன்னிடம் மட்டும் சொன்னது என்று அவள் நினைத்திருந்தாள். அன்றிலிருந்து மூன்று நாற்பது ஆனால் அவள் நாற்காலிப் பக்கம் பார்க்க மாட்டாள். அலமாரிக் கண்ணாடியில் வாசல் தெரியும். யாரோ குனிந்து உள்ளே வருகிற மாதிரி கண்ணாடியில் ஒரு நிழல் மடங்கும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். தைலப் புட்டியின் மூடியைத் திறந்தால் போதும், அந்தக் குரல் கேட்கும். போய்த் தேடிப் பாத்துட்டு வரட்டுமா. அவள் தைலத்தை அலமாரியின் பின்வரிசைக்கு மாற்றி வைத்தாள்.

பசைக்காரிகள் தங்களுக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொண்டார்கள். திருப்பம் வந்ததும் கைப்பிடியைத் தொட்டு, "நெட்டையக்கா, விட்டுடு, வீட்ல புள்ளைங்க இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அப்படியும் செருப்பு கழன்றது. ஒரு நாள் ஒருத்தி பஞ்சக்காவிடம் வந்து நின்றாள்.

"கட்டுத்துணி ஒரு முழம் குடுங்க பஞ்சக்கா. செருப்பக் காலோட சேத்துக் கட்டிக்கறேன். மருந்து வாசனை இருந்தா அவ கிட்ட வர மாட்டா, கை எடுத்துடுவா."

பஞ்சக்கா மறுபேச்சு இல்லாமல் கிழித்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டு போனவளுக்குச் செருப்பு கழலவில்லை. மறுநாள் நான்கு பேர் வந்தார்கள். மாதம் முடிவதற்குள் பசை செக்‌ஷனில் பாதிப்பேர் கணுக்காலில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஐந்தேகால் ஆனால் அவளுடைய வாசலில் வரிசை நிற்கும். அவள் முழம் போட்டுக் கிழித்துக் கொடுப்பாள். பதிவேட்டில் எழுத முடியாது. என்ன தொல்லை என்ற கட்டத்தில் என்னவென்று எழுதுவது?

துணியே வேண்டாம் என்று சொன்னவள் ஒருத்திதான். நெட்டையின் தங்கை.

அக்கா போனபின் தங்கைக்கு வேலை கொடுத்தார்கள். அதே ஸ்டூல், அதே பிரஷ். நெட்டையின் தங்கை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் எல்லாருக்கும் அவள் தங்கச்சி ஆகிவிட்டாள். அக்காவின் தோள் வரைக்கும்தான் இருப்பாள். வாய் மட்டும் அக்காவைவிட நீளம்.

"நான் ஏன் கட்டணும்? எங்க அக்காதான? இழுத்தா இழுக்கட்டும். வீட்லயும் அப்படித்தான் இழுப்பா, போர்வைய" என்பாள்.

சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆன ஒரு திங்கட்கிழமை, பதினோராவது படியில் ஒரு நீலச் செருப்பு கிடந்தது. வார் நைந்து, குதிகாலில் தேய்ந்த செருப்பு. பஞ்சக்காவுக்கு எல்லாருடைய செருப்பும் தெரியும். அதைக் கையில் எடுத்தாள். கேட்டை நோக்கிப் பார்த்தாள். தங்கச்சி கூட்டத்தோடு பேசிச் சிரித்துக்கொண்டே ஒரு வெறுங்காலைச் சரளைக்கல்லில் வைத்து நடந்து போய்க்கொண்டிருந்தாள்.

அன்று சாப்பிடும்போது பஞ்சக்கா தன் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னாள். அவர் தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். எதையும் பிரித்துப் போட்டுத்தான் பேசுவார்.

"சொந்தத் தங்கச்சியையுமா இழுப்பா?" என்றாள்.

"உன் பேய் ரொம்ப ஒழுங்கான பேய்டி. ஷிப்டு முடிஞ்சாத்தான் வருது. காலைல எல்லாரும் ஏறும்போது தூங்குது போல."

"விளையாடாதீங்க."

"நான் எங்க விளையாடறேன்? அந்தப் படியில யார் யார் இறங்குவாங்க?"

"பசைக்காரங்க. தையல் செக்‌ஷன்காரங்களும் அதே படிதான்."

"தையல்காரிங்க செருப்பு எத்தனை கழண்டிருக்கு?"

பஞ்சக்கா வாயருகே கொண்டுபோன கையை நிறுத்தினாள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் எடுத்து வைத்த செருப்புகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. சிவப்பு வார், பச்சை வார், பூப்போட்டது, கட்டைவிரல் கிழிந்தது. தையல்காரி ஒருத்தியின் செருப்புகூட அதில் இல்லை. இத்தனை நாள் கண் பார்த்திருந்தது. மண்டைக்குத்தான் ஏறவில்லை.

"ஆள் பாத்துப் பிடிக்குதா? தையலுக்கும் பசைக்கும் நடுவுல என்ன இருக்கு?" என்றார் அவர்.

"ஒரு சுவர். தையல் பக்கம் ஜன்னல் தொறந்திருக்கும். பசைப் பக்கம் தொறக்க மாட்டாங்க. ஈரப் பசையில தூசி உக்காந்தா சோல் பிரிஞ்சிடும். பசை நெடி பூரா உள்ளேயே நிக்கும்."

அவர் அவளுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தங்கச்சியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள். செருப்பைத் திருப்பிக் கொடுக்கக் கூப்பிட்டதாகத்தான் தங்கச்சி நினைத்தாள்.

"கண்ண மூடிக்கோ. பஞ்சால கால்ல தொடுவேன். தொட்டதும் சொல்லு."

"என்ன பஞ்சக்கா, கண்ணாமூச்சியா?"

"மூடு."

தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள். பஞ்சக்கா பஞ்சைச் சிறு திரியாக உருட்டி அவளுடைய கட்டைவிரல் நுனியில் வைத்தாள். தடவினாள். விரல் இடுக்குகளில் விட்டு எடுத்தாள். உள்ளங்காலில் குறுக்கும் நெடுக்கும் இழுத்தாள். அதற்கு எந்தக் குழந்தையும் துள்ளும்.

"தொடுங்க பஞ்சக்கா. எவ்வளவு நேரம் மூடிட்டிருக்கறது?" என்றாள் தங்கச்சி.

வாசல் பக்கம் யாரோ குனிந்து எட்டிப் பார்ப்பது போல இருந்தது. பஞ்சக்கா திரும்பவில்லை. பஞ்சைக் கணுக்காலுக்கு ஏற்றினாள். அதற்கும் மேலே, இரண்டு விரற்கடை.

"ஆங், இப்ப தொட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தாள்.

அந்த வாரம் முழுக்க, கட்டுத்துணி கேட்டு வந்தவர்களையெல்லாம் பஞ்சக்கா ஒரு நிமிஷம் உட்கார வைத்தாள். கண்ணை மூடச் சொன்னாள். பஞ்சு தெரியும் இடத்தில் காலில் பேனாவால் ஒரு கோடு போட்டாள். புதிதாக வந்தவர்களுக்குக் கோடு விரலிலேயே இருந்தது. ஒரு வருஷம் ஆனவர்களுக்குக் கணுக்கால். இரண்டு வருஷம் ஆன ஒருத்திக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. தையல்காரிகள் ஆறு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பஞ்சு பட்ட உடனே எல்லாரும் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார்கள்.

யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் அதை மென்று விழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் புது மேனேஜர் அவளைத் தேடி வந்தார். செலவு எங்கே கசிகிறது என்று பார்க்க அவரைக் கொண்டுவந்திருந்தார்கள். ஒல்லியான மனிதர். நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்த அறையில போன வருஷத்தவிட ஆறு மடங்கு கட்டுத்துணி போயிருக்கு. பதிவேட்டுல காயம்னு பாத்தா பதினாலுதான். மிச்சத் துணி எங்க போச்சு?"

பஞ்சக்கா அலமாரியில் மீதியிருந்த துணிச்சுருளைப் பார்த்தாள்.

"இன்னொன்னும் சொல்லிடறேன். முதலாளி இந்த அறைய அட்டைப்பெட்டி வைக்க எடுத்துக்கலாம்னு இருக்கார். முதலுதவிப் பெட்டி ஒண்ண கேட்ல வச்சா போதும்ங்கறார். எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

அறை போனால் தானும் போக வேண்டியதுதான் என்பது அவளுக்கு உடனே உறைத்தது. அதற்கு அடுத்த நொடியே, அறை போனால் தங்கச்சியின் காலில் கோடு எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்பதும் உறைத்தது. அவள் பேசினாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறைக்குள் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. செருப்பு, பேய், துணி, பஞ்சு, கோடு. வரிசை தப்பித் தப்பிச் சொன்னாள். மேனேஜர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் பாதியில் எழுந்துபோய் மாடிப்படியில் ஏறினார். மேலே பசை செக்‌ஷனில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். திருப்பம் வந்தபோது கைப்பிடியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினார் என்பதைப் பஞ்சக்கா ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

"முதலாளி நல்லவர்தான்" என்றார் மேனேஜர் உள்ளே வந்து. "ஆனா பாவம் பரிதாபம்னு போனா, பாக்கலாம்னு சொல்லி அனுப்பிடுவார். நஷ்டம்னு காட்டினாத்தான் காதுல விழும். பசை செக்‌ஷன்ல ரெண்டு வருஷத்துல எத்தனை பேர் நின்னுட்டாங்க?"

"முப்பத்தோரு பேர்."

"பதிவேட்ல பாக்க வேணாமா?"

"அவங்க செருப்பு எனக்குத் தெரியும் சார்."

"புதுசா வர்றவங்க கை பழக எவ்வளவு நாளாகும்?"

"பத்து வாரம். அது வரைக்கும் அவங்க ஒட்டின ஜோடில பாதி திரும்பி வரும். கை பழகி நல்லா ஒட்டறது ஒரு ஆறு மாசம். அதுக்கப்பறம் பிரஷ் கையில நிக்காது. மறுபடியும் திரும்பி வரும். ரிஜெக்ட் தொட்டி என் ஜன்னலுக்கு எதிர்லதான் இருக்கு. யாரோட ஜோடின்னு உள்பக்கம் நம்பர் போட்டிருக்கும்."

மேனேஜர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு வேகமாக எழுதினார். நெட்டை விழுந்தபின் ஒன்பது நாள் பசை செக்‌ஷன் ஓடாமல் கிடந்ததையும், கப்பலில் போகவேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பியதையும் அவரே சேர்த்துக்கொண்டார். ஜன்னலுக்கு நுண்வலையும் காற்றை வெளியே இழுக்கிற விசிறியும் போட்டு, வாரத்துக்கு ஒரு நாள் டாக்டரை வரவழைத்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றி உட்கார வைத்தால், அந்தச் செலவு ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

"இது போதும்மா. நல்ல கணக்கு."

"இந்தப் பக்கத்தையும் வச்சிக்கங்க" என்று பஞ்சக்கா பதிவேட்டைத் திறந்து நீட்டினாள்.

அவர் படித்தார். ஒரே பெயர், மூன்று தேதி. மூன்றாவது தேதிக்கு நான்காம் நாள் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியும்.

"இது வேணாம். இதக் காட்டினா உங்களையும் கேப்பாங்க" என்றார் மெதுவாக.

"இது இல்லன்னா, பசைதான் காரணம்னு எப்படிச் சொல்வீங்க? படி வழுக்குச்சுன்னு சொல்லிடுவாங்க. அப்பவும் அதத்தான் சொன்னாங்க."

முதலாளியின் அறையில் அவள் நின்றுகொண்டே இருந்தாள். மேனேஜர் கணக்கைச் சொல்லச் சொல்ல முதலாளி கேட்டுக்கொண்டார். முப்பத்தோரு பேர் என்றபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விமானம் என்றபோது முகம் சுளித்தது. பிறகு பதிவேட்டை இழுத்து, வழக்கம் போலக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"நெட்டையா? மூணு தடவையும் வேலைக்குத் திரும்பியிருக்காளே. எட்டு நிமிஷம்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. அப்ப நல்லாத்தான இருந்திருக்கா?"

பஞ்சக்கா தன்னுடைய கையெழுத்தைத் தலைகீழாகப் பார்த்தாள். உருண்டை உருண்டையான நல்ல கையெழுத்து.

"நல்லா இல்லங்க ஐயா. கால் தெரியலன்னு சொன்னா. நான் சிரிச்சிட்டேன். தைலம் தேச்சு அனுப்பிட்டேன். சீக்கிரம் அனுப்பினா நல்ல வேலைன்னு நினைச்சிட்டிருந்தேன். மூணு தடவையும் நான்தான் அனுப்பினேன்."

முதலாளி விரலை எடுத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரம் மூன்று நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"இப்ப மேல எத்தனை பேருக்கு அந்த மாதிரி இருக்கு?" என்று அவர் கேட்டார்.

"இருபத்தி ரெண்டு பேருக்கு. அவ தங்கச்சியையும் சேத்து."

முதலாளி மேனேஜரின் தாளை மறுபடி எடுத்து முதலிலிருந்து படித்தார். எது அவரை அசைத்தது, கணக்கா அந்த இருபத்திரண்டா என்று பஞ்சக்காவுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. அந்த மாதக் கடைசியில் ஜன்னலில் வலை அடித்தார்கள். விசிறி வந்தது. கோடு கணுக்காலைத் தொட்டவர்களையெல்லாம் பேக்கிங்குக்கும் வார் கோர்க்கிற இடத்துக்கும் மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வியாழக்கிழமைகளில் ஒரு டாக்டரம்மா வந்தாள். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ‘முன்பும் இதே தொல்லையா’ என்று ஒரு கட்டம் சேர்த்துக் கொடுத்தாள்.

தங்கச்சியின் காலைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னதை மட்டும் பஞ்சக்காவால் ஜீரணிக்க முடியவில்லை. பசையை விட்டு விலகினாலும் சில மாதம் இன்னும் மோசமாகலாம். பிறகுதான் திரும்பத் தொடங்கும். எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது.

அப்படியேதான் ஆனது. பேக்கிங்கில் உட்கார்ந்த தங்கச்சிக்குக் கோடு கணுக்காலுக்கு மேல் மூன்று விரற்கடை ஆயிற்று, நான்கு ஆயிற்று. வியாழன்தோறும் பஞ்சக்கா பஞ்சை உருட்டிப் புதுக் கோடு போட்டாள். வாரம் ஒருமுறை ஒரு வீட்டில் தண்ணீர் ஏறுவதைச் சுவரில் அடையாளம் வைத்துப் பார்ப்பது போல இருந்தது. தங்கச்சி வாயை மட்டும் மூடவில்லை.

"பேக்கிங்ல ஒக்காந்தா எங்க அக்கா ரொம்பத் தூரமாயிட்ட மாதிரி இருக்கு. மேல இருந்தப்ப பக்கத்துலயே இருந்த மாதிரி இருந்துச்சு" என்றாள் ஒரு நாள். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "பஞ்சக்கா, எங்க அக்கா உங்ககிட்ட வந்தாளா?"

பஞ்சக்கா பஞ்சைக் கீழே வைத்தாள்.

"வந்தா. மூணு தடவ."

"மூணாவது தடவ என்ன சொன்னா?"

பஞ்சக்கா சொன்னாள். சிரித்ததையும் விடாமல் சொன்னாள். எட்டு நிமிஷத்தையும் சொன்னாள். தங்கச்சி கண்ணை மூடியபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கன்னம் மட்டும் நனைந்தது. எழுந்து செருப்பைத் தேடினாள். கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் காலை உள்ளே விட வேண்டியிருந்தது.

"அவ அப்படித்தான். வலிச்சாலும் ஜோக்கடிப்பா. எங்க வீட்லயும் சிரிச்சோம்" என்றாள் வாசலில் நின்று. போய்விட்டாள். அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. மூன்றாவது வியாழன் வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள்.

ஜன்னல் திறந்தபின் வெள்ளைத் துணிகள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. திருப்பத்தில் கைப்பிடியைத் தொடுகிறவர்களும் குறைந்தார்கள். நெட்டை இப்போதெல்லாம் இழுப்பதில்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. பஞ்சக்காவுக்குத்தான் அதைத் தாங்க முடியவில்லை. இழுத்தவள் நெட்டை என்று இருந்தவரைக்கும் பழியில் பாதியை அவள் சுமந்துகொண்டிருந்தாள். இப்போது படியில் யாரும் இல்லை. மூன்று நாற்பதுக்கு அலமாரிக் கண்ணாடியில் நிழல் மடங்குவதில்லை. வரமாட்டாளா என்று பஞ்சக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. வந்தால் இந்தத் தடவை கண்ணை மூடச் சொல்லலாம். பஞ்சால் தொட்டுப் பார்க்கலாம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம்.

தங்கச்சி பசையை விட்டு வந்த எட்டாவது மாதத்தில் கோடு நின்றது. பத்தாவது மாதத்தில் அரை விரற்கடை இறங்கியது. டாக்டரம்மா இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, "இறங்குது" என்றாள். மாடியில் பழைய கூட்டாளிகளோடு சாப்பிட்டு அங்கேயே வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவை எடுக்க வேண்டும் என்று தங்கச்சி எழுந்து போனாள்.

மழை நின்ற ஒரு மாலை. மணி அடித்து, கூட்டம் இறங்கி, படி ஓய்ந்துவிட்டது. யாரோ ஒருத்தி மட்டும் தாமதமாக இறங்குகிற சத்தம் கேட்டது. பஞ்சக்கா தைலப் புட்டியை முன்வரிசையில் வைத்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, திருப்பத்தில், செருப்பு ஒன்று கழன்று இரும்பில் விழுந்தது.

அவள் அசையாமல் நின்றாள். காலடி தொடர்ந்து இறங்கப் போகிறது என்று காத்திருந்தாள்.

காலடி நின்றது.

பஞ்சக்கா ஜன்னலுக்குப் போனாள். நீலச் செருப்பு பதினோராவது படியில் கிடந்தது. பத்தாவது படியில் தங்கச்சி, கையில் சாப்பாட்டு டப்பாவோடு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தன் வெறுங்காலையே பார்த்தபடி நின்றிருந்தாள். இரும்பு ஈரமாக இருந்தது. அவள் கட்டைவிரலை மெதுவாக மடக்கினாள். பிறகு ஒரு படி ஏறி, காலை நீட்டி, குனிந்து பார்க்காமலே செருப்புக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"சில்லுனு இருக்கு பஞ்சக்கா" என்றாள் ஜன்னலைப் பார்த்து.

இறங்கி வருகிற அவளுடைய காலடிகளைப் பஞ்சக்கா எண்ணினாள். பதினொன்று. தங்கச்சி கடைசிப் படியைத் தாண்டிப் போனபின், அறையின் கதவை நன்றாகத் திறந்து வைத்தாள். நெட்டையான ஆள் ஒருத்தி வந்தால் குனியாமல் நுழைய முடியாத அந்த வாசலில், வெளிச்சம் போகும் வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.